பந்திவிசாரணை: ஆயிரம் இலை அசனம் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது

தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள் அசனம். ஊரே கோவில் வளாகத்தில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுகிறது. சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் லீவு போட்டு வருகிறார்கள், பக்கத்துத் தெரு இந்துக்களும் வருகிறார்கள். சில ஊர்களில் சோறும் சாம்பாரும் கூட்டும், சில ஊர்களில் ஆட்டுக்கறிக் குழம்பு. இலையில் என்ன விழுகிறது என்பதைவிட, யாருக்கு எப்போது விழுகிறது என்பதில்தான் இந்தப் பண்டிகையின் வேதபாடம் இருக்கிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அளவு: சுமார் 200 தலைக்கட்டு (குடும்பம்) உள்ள கிராமச் சபை, வெளியூர்க்காரர்களும் விருந்தாளிகளும் சேர்த்து 1000 இலை. நடுத்தர அசனம் ஒன்றின் கணக்கு இது. 500 இலை என்றால் பாதியாக்கிக்கொள்ளலாம். 3000 இலை என்றால் மூன்றால் பெருக்கினால் மட்டும் போதாது, அடுப்பும் ஆளும் வேறு விதமாக அமைய வேண்டும்.

ஆறு வாரம் முன்பே தொடங்குவது

முதல் வேலை வரி. சேகர கமிட்டி, அதாவது சபை நிர்வாகக் குழு, கூடி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கும், ஆராதனை அறிவிப்பில் ஐயர் (சபைப் போதகர்) வாசிப்பார், சபை ஊழியரும் கமிட்டிக்காரர்களும் வீடு வீடாகப் போய் வசூலிப்பார்கள். இதன் மேல் நேர்ச்சைகள் வரும். ஒருவர் ஒரு மூட்டை அரிசி, ஒருவர் ஓர் ஆடு, ஒருவர் தேங்காய், வெளிநாட்டில் இருப்பவர் பணம்.

முதல் சரிவும் இங்கேதான். வரி கொடுத்த வீட்டுக்கு மட்டும் டோக்கன் என்று ஒரு ஏற்பாட்டைப் புதிதாக வரும் கமிட்டிகள் அவ்வப்போது கண்டுபிடிக்கும். கூட்டத்தைக் கணிக்க வசதி என்பார்கள். கணிக்கலாம்தான், ஆனால் வரி கொடுக்க முடியாத வீடு அன்று கதவைச் சாத்திக்கொள்ளும். "பணமில்லாதவர்களே, நீங்கள் வந்து, வாங்கிச் சாப்பிடுங்கள்" என்ற ஏசாயா 55:1 பிரசங்க மேடையில் இருக்க, வாசலில் டோக்கன் கிழிப்பது பொருந்தாது. வரியையும் இலையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடக் கூடாது. வரி வசூலை முந்தின ஞாயிற்றுக்கிழமையோடு மூடிவிட வேண்டும், பாக்கி நோட்டு பண்டிகை நாளில் வளாகத்துக்குள் வரவே கூடாது. ஆள் கணக்குக்கு வேறு வழி உண்டு. சபைப் பதிவேட்டில் உள்ள ஆட்கள், போன ஆண்டு செலவான இலைக்கட்டு, அந்த வாரம் ஊருக்கு வந்திறங்கிய குடும்பங்கள், இந்த மூன்றையும் வைத்தால் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்துவிடும்.

நேர்ச்சை அரிசி என்னும் தலைவலி

1000 பேருக்குக் கிலோவுக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் 125 கிலோ அரிசி. கடையில் மொத்தமாக வாங்கினால் 25 கிலோ மூட்டை ஐந்து, வேலை முடிந்தது. ஆனால் அசன அரிசி அப்படி வருவதில்லை. ஒருவர் பழைய பொன்னி கொடுப்பார், இன்னொருவர் வயலில் அறுத்த புது நெல்லைக் குத்திக் கொண்டுவருவார், மூன்றாமவர் வீட்டிலிருந்து ரேஷன் அரிசி வரும். மூன்றும் விசுவாசத்தோடு வந்த காணிக்கை என்பதால் உக்கிராணத்தில் (பண்டக அறையில்) ஒரே குவியலாகத் தட்டிவிடுகிறார்கள். அங்கே கெட்டது சோறு. பழைய அரிசி தண்ணீரை நிறைய குடித்து மெதுவாக வேகும், புது அரிசி சீக்கிரம் வெந்து குழையும். ஒரே அண்டாவில் போட்டால் புதுசு கஞ்சியாகி, பழசு நடுவில் விதை தட்டும். சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை.

சரியான முறை எளிது. வரும் மூட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து, சின்ன ஏனத்தில் (பாத்திரத்தில்) தனித்தனியாக வேகவைத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். வேகும் நேரம் ஒத்த மூட்டைகளை மட்டும் ஓர் அண்டாவுக்கு ஒதுக்கி, சாக்கின் மேல் சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதிவிட வேண்டும். ஒத்துவராத அரிசியைப் பாயசத்துக்கோ மறுநாள் கஞ்சிக்கோ வைக்கலாம். கொடுத்தவரின் அரிசியைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் கூடாது. ஏழை வீட்டு அரிசி திரும்பி வந்தது என்ற பேச்சு ஊரில் பத்து வருஷம் நிற்கும்.

ஆட்டிலும் இதே கதைதான். 20 கிலோ உயிர் எடையுள்ள ஆட்டில் எலும்போடு ஒன்பது, பத்து கிலோ கறி தேறும். தலைக்கு 100 கிராம் பச்சைக்கறி என்றால் 100 கிலோ, அதாவது பத்துப் பதினோரு ஆடு. நேர்ச்சைக்கு வளர்த்த கிடா முற்றியிருக்கும், வாங்கிய குட்டி இளசாக இருக்கும். இளங்கறி முக்கால் மணி நேரத்தில் வேகும், முற்றிய கிடாக்கறிக்கு இரண்டு மணி நேரம்கூடப் போதாமல் போகும். தனித்தனி அண்டா வேண்டும், முற்றிய கறிக்குப் பப்பாளிக்காய்த் துண்டு போடலாம். அறுப்பது அதிகாலை மூன்று மணிக்கு மேல். முந்தின நாள் சாயங்காலமே அறுத்து வைப்பது ஐஸ் பெட்டி இல்லாத ஊரில் ஆபத்து.

வெங்காய ராத்திரி

சின்ன வெங்காயம் 30 கிலோ. முந்தின நாள் மாலைக் கூட்டம் முடிந்ததும் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் கோவில் முற்றத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். வெங்காயத்தை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் வழுக்கி வரும். 15 பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை. கத்தரிக்காயை மட்டும் அப்போது நறுக்கக் கூடாது, விடிந்தால் கறுத்துவிடும். காலையில் நறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கும் பேச்சு எந்த ஐக்கியக் கூட்டத்திலும் நடக்காது. யார் வீட்டில் மருமகள் பேசாமல் இருக்கிறாள், யார் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை வெளியே சொல்லவில்லை, எல்லாம் வெங்காயக் கண்ணீரோடு வெளியே வரும். விவரம் தெரிந்த ஐயரம்மா அங்கே கத்தியோடு உட்கார்ந்திருப்பார். இப்போது உரித்த வெங்காயமே பாக்கெட்டில் வருகிறது, கேட்டரிங் ஆட்களிடம் மொத்தமாக விட்டுவிடலாம் என்று கமிட்டியில் குரல் எழுகிறது. காசு கணக்கில் பெரிய வித்தியாசம் இராது. ஆனால் மறுநாள் பரிமாற ஆள் கூப்பிட்டால் வரமாட்டார்கள். ராத்திரி வெங்காயம் உரித்தவர்கள்தான் பகலில் வாளி தூக்குகிறார்கள்.

பாய்களுக்கு நடுவே யாராவது ஒரு கீர்த்தனையைத் தொடங்குவார்கள். அது பெரும்பாலும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடையதாக இருக்கும். சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று மிஷனரிகள் கெடுபிடி செய்தபோது, அந்தக் கெடுபிடியை எதிர்த்து எழுதியவர்களில் அவரும் முக்கியமானவர். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சாதி வழக்கங்கள் சபையை விட்டு நீங்க வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். யார் எங்கே உட்காருவது, நற்கருணைப் பாத்திரம் யாரிடம் முதலில் போவது என்பதெல்லாம் அந்தச் சண்டையில் இருந்தது. அதாவது, வரிசை. திருநெல்வேலிச் சீமையில் 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்தது முதல், ஒரே பந்தியில் உட்காருவது இந்தச் சபைகளுக்கு ஒரு நாள் கொண்டாட்டமாக மட்டும் இருந்ததில்லை. கை நனைப்பது யாரோடு என்பதே மதம் மாறியதன் அடையாளமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. அந்தச் சண்டை முழுக்க முடிந்துவிட்டது என்று பந்தியைக் கவனித்துப் பார்க்கும் எவரும் சொல்லமாட்டார்கள்.

உலையும் நேரமும்

பெரும்பாலான அசனங்கள் கெடுவது ஒரே காரணத்தால்: எல்லாச் சோற்றையும் விடியற்காலையிலேயே வடித்துவிடுகிறார்கள். ஆராதனைக்குப் போக வேண்டுமே என்ற அவசரம் சமையல்காரர்களுக்கும் உண்டு. ஐந்து மணிக்கு வடித்த சோறு பாயில் குவிந்து, வெள்ளைத் துணி மூடி, ஒரு மணிக்கு இலைக்கு வருகிறது. எட்டு மணி நேரம். குவியலின் நடு வெதுவெதுப்பாகவே இருக்கும், நீர் கோத்திருக்கும். வெதுவெதுப்பான சோற்றில் வளரும் கிருமி வகை ஒன்று விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். மறுநாள் கறி மேல் பழி விழும், குற்றவாளி சோறாக இருக்கும்.

25 கிலோ அரிசிக்கு 120 லிட்டர் உலை. விறகடுப்பில் கொதிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அரிசி போட்டபின் வெந்து வடித்து முடிக்க அரை மணி. இரண்டு உலைகளை மாறி மாறி வைத்தால் 40 நிமிஷத்துக்கு ஓர் அண்டாச் சோறு இறங்கும். முதல் வடிப்பு 10:30, அடுத்தது 11:10, பிறகு 11:50, 12:30. ஐந்தாவது மூட்டையைப் பற்றிப் பிறகு. ஆராதனை 11:30-க்கு முடிந்தால் 12 மணிக்கு முதல் பந்தி. வடித்ததை ஓலைப்பாயில் நாலு விரல் உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. எந்தச் சோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாயில் கிடக்கக் கூடாது. அடுப்படிக்காரர்கள் ஆராதனைக்குப் போக முடியாதே என்றால், அவர்களுக்கென்று காலை ஆறு மணிக்கு நற்கருணை ஆராதனை ஒன்று வைத்துவிடலாம். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம்.

குழம்பில் கவனிக்க வேண்டியது பாத்திரம். வாடகைக்கு வரும் பித்தளை அண்டாவின் உள்ளே விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளி ஊற்றக் கூடாது. களிம்பு இறங்கிக் குழம்பு துவர்க்கும், வயிற்றைப் பிரட்டும். இறக்கிய குழம்பை ஆறவிடாமல் தணலின் மேலேயே வைத்திருக்க வேண்டும்.

பந்தி

ஒரு பந்திக்கு 200 இலை: வரிசைக்கு 20 வீதம் பத்து வரிசை. 1000 பேருக்கு ஐந்து பந்தி. உட்கார்ந்து எழுந்து இலை எடுத்துத் துடைக்க 30 நிமிஷம், மொத்தம் இரண்டரை மணி நேரம். வரிசைக்குச் சோறு, குழம்பு, கூட்டு, தண்ணீர் என்று நால்வர், ஆக 40 வாலிபர்கள். கூட்டுக்காரர் சோற்றுக்காரருக்கு முன்னால் போய்விட்டால் வரிசை குழம்பும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவரே பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டுவது நல்லது. கைகழுவவும் குடிக்கவும் பாத்திரம் துலக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வைத்தால் 5000 லிட்டர் லாரி ஒன்று. இலை 1100, ஏனென்றால் நூறு கிழிந்திருக்கும்.

இனி வேதபாடத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் வரும் கொரிந்து சபையில் நடந்ததும் பந்திச் சண்டைதான். "அவனவன் தன்தன் சொந்த போஜனத்தை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார். அக்காலத்துப் பெரிய வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று மஞ்சம் போட்டு ஒன்பது பேர் சாய்ந்து உண்பது வழக்கமான அளவு. மற்றவர்கள் முற்றத்தில். வேலை முடித்துத் தாமதமாக வரும் அடிமைக்கும் கூலிக்காரனுக்கும் மிச்சம் இருந்தால் உண்டு. நம் ஊர் மொழியில் சொன்னால், முதல் பந்தி முடிந்து கறி தீர்ந்த பிறகு வந்து உட்காருகிறவர்கள். பவுல் சொன்ன தீர்வும் பந்திக்காரனின் தீர்வே: "போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

அசனத்தில் முதல் பந்தி யாருக்கு? வழக்கமாக மேடைக்காரர்களுக்கு: வந்த பேராயர், சிறப்புச் செய்தியாளர், நன்கொடையாளர், கமிட்டி. குருமனையில் (ஐயர் வீட்டில்) தனி மேசை, தனி ஏனம், நல்ல துண்டாகப் பொறுக்கிய கறி. விருந்தாளியை உபசரிப்பது தப்பில்லை என்பார்கள். தப்பில்லைதான். ஆனால் குருமனைக்கு என்று எடுத்த வாளியில் போன கறியின் அளவு, ஐந்தாம் பந்தியில் குறைந்த கறியின் அளவோடு ஒத்துப்போகும். ஐந்தாம் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள்: பரிமாறின பையன்கள், தண்ணீர் இறைத்தவர்கள், தூரத்திலிருந்து நடந்து வந்த கிழவி, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்கும் பக்கத்து ஊர்க்காரர்கள்.

கறி தீர்வதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை, கரண்டியும் காரணம். கறியும் குழம்பும் ஒரே வாளியில் போகும்போது, முதல் பந்தியில் பரிமாறுகிறவர் அடியில் துழாவித் துண்டாக அள்ளுவார், தெரிந்த முகம் என்றால் இரண்டு முறை. மூன்றாம் பந்தியில் வெறும் குழம்பு, நான்காவதில் வெந்நீர் ஊற்றிய குழம்பு. 100 கிலோ பச்சைக்கறி வெந்து சுமார் 65 கிலோ ஆகும். அதைக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்து, ஐந்து சம பங்காக ஐந்து ஏனத்தில் போட்டு, மூடியின் மேல் பந்தி எண் எழுதி உக்கிராணத்தில் தணல் மேல் வைக்க வேண்டும். பந்திக்கு 13 கிலோ. இலைக்கு 65 கிராம் கொள்ளும் சின்னக் கரண்டி, ஒரே முறை. சாவி உக்கிராணக்காரரிடம். பேராயரே கேட்டாலும் ஐந்தாம் ஏனத்தைத் திறக்காத ஓர் ஆளை அந்த வேலைக்குப் போட வேண்டும். எருசலேம் சபையில் விதவைகள் அன்றாட விசாரணையில் (தினசரி உணவுப் பங்கீட்டில்) விடுபட்டபோது அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? பந்திவிசாரணைக்கென்று நற்சாட்சி பெற்ற, ஞானம் நிறைந்த ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். சோற்றுக் கணக்குப் பார்க்க எதற்கு ஞானம் என்று கேட்பவர்கள் ஒரு முறை உக்கிராண வாசலில் நின்று பார்க்கலாம்.

வர முடியாதவர்களுக்கு முதல் பந்திக்கும் முன்பே போக வேண்டும். 11:30-க்குத் தூக்குவாளிகள் கிளம்ப வேண்டும். பட்டியல் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஐயர் யார் யாருக்கு வீட்டில் போய் நற்கருணை கொடுக்கிறாரோ அந்தப் பட்டியலே போதும், அதோடு பேறுகாலத்துக்கு வந்திருக்கும் பெண்களைச் சேர்த்தால் சரி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கொண்டுபோகலாம். வாளியைத் திரும்பக் கொண்டுவரும் பிள்ளை, அந்த வீட்டில் யாராவது ஆள் இருக்கிறார்களா என்று வந்து சொல்ல வேண்டும். அதுதான் உண்மையான விசாரணை.

கணக்கு

பணக் கணக்கை எல்லாரும் வைக்கிறார்கள். பொருள் கணக்கில்தான் ஓட்டை. மூட்டை வந்தது, ஆடு வந்தது என்பதற்குத் தனி நோட்டு வேண்டும்: வந்த தேதி, பொருள், எடை, செலவானது, மிச்சம். ஆட்டுத்தோல், காலிச்சாக்கு, மிஞ்சிய எண்ணெய் டின், எரியாத விறகு எல்லாம் காசாகும், அவையும் எழுதப்பட வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் பேச்சு எழாது. மூன்றாவது ஞாயிறு தாண்டினால் அடுத்த கமிட்டித் தேர்தல் வரை ஓயாது.

கொடுத்தவர் பெயரைத் தொகையோடு ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். வாசித்தால் அடுத்த ஆண்டு வசூல் கூடும் என்பது வாதம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் கூட்டுவார்கள், நூறு ரூபாய் கொடுத்தவர் அடுத்த முறை வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வார். வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்ற வசனம் ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. பொருளை மட்டும் வாசிக்கலாம்: அரிசி இவ்வளவு வந்தது, ஆடு இத்தனை.

ஐந்தாவது மூட்டை

முதலில் நிறுத்தி வைத்த அந்த 25 கிலோ. அதை உலையில் போடக் கூடாது, உலை மட்டும் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் பந்தி உட்காரும்போது வாசலில் நிற்கும் தலைகளை எண்ணச் சொல்ல வேண்டும். நாலாவது அண்டா தாங்காது என்று தெரிந்தால் அப்போது அரிசியைப் போடலாம். அரிசி வெந்து வடிய ஆகும் அரை மணி நேரம், ஒரு பந்தி உண்டு எழும் நேரம். ஐந்தாம் பந்திக்குச் சுடச்சுடச் சோறு கிடைக்கும், அன்று வேறு எந்தப் பந்திக்கும் கிடைக்காத சூட்டில். அந்தப் பந்தியில் முப்பது இலை அடுப்படிக்காரர்களுக்கும், கோவில்பிள்ளைக்கும் (ஆலயப் பணியாளருக்கும்), எச்சில் இலை எடுத்தவர்களுக்கும். ஐயர் அன்று சாப்பிட வேண்டிய பந்தியும் அதுவே.

கூட்டம் குறைவாக வந்து அந்த மூட்டை பிரிக்கப்படாமலே நின்றால், கட்டை அவிழ்க்காமல் பொருள் நோட்டில் மிச்சம் 25 கிலோ என்று எழுதி, திங்கட்கிழமை காலை அதே தூக்குவாளிப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு கிலோவாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளினால் அது யார் வீட்டுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.